தைராய்டு டப்பா

“மதினி, உங்க தைராய்டு மாத்திரையில எனக்கு ஒண்ணு தாங்க. அவசரத்துல என் டப்பாவ எடுத்து வைக்க மறந்துட்டேன்” என்று மரகதம் சமையலறை வாசலில் வந்து நின்று கேட்டபோது நான் பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். பாதிப் பால் பாத்திரத்தில் விழுந்தது, மீதி மேடையில் விழுந்தது. துணியை எடுத்துத் துடைத்தேன். துடைத்து முடிக்கிற வரைக்கும் பதில் சொல்ல வேண்டாம் அல்லவா. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன். “இந்தா தாரேன் மதினி, பால அடுப்புல ஏத்திட்டு வந்துடுறேன்” என்று என் வாய் சொல்லிவிட்டது. என் வாய்க்கு எப்போதுமே என்னைவிட அவசரம். மரகதம் தானே ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மாத்திரையைப் போட்டு அரை மணி கழித்துத்தான் அவள் காபி குடிக்க வேண்டும், காபி குடித்துக் குளித்து ஏழு மணிக்குள் கிளம்பினால்தான் மதுரையில் கடை திறக்கிற நேரத்துக்குப் போய் நிற்க முடியும், பத்தரைக்கு ராகுகாலம் வந்துவிடும், அதற்குள் என் மகள் ஹேமாவுக்கு முகூர்த்தப் பட்டு எடுத்தாக வேண்டும். அதற்காகத்தானே தென்காசியிலிருந்து நேற்று சாயங்காலமே வந்து எங்கள் வீட்டில் தங்கினாள் மாப்பிள்ளையின் அம்மா. கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள். அடுப்பைப் பற்ற வைத்தேன். தீயைக் குறைத்தேன். பால் மெதுவாகவே காயட்டும்.

ஃபிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது அந்த டப்பா. வெள்ளை பிளாஸ்டிக், நீல மூடி, தைராய்டு மாத்திரை என்று ஊருக்கே தெரிகிற மாதிரி லேபிள். உள்ளே இருப்பது தைராய்டு மாத்திரை இல்லை. எனக்குத் தைராய்டும் இல்லை. பதினோரு வருஷமாக ஒவ்வொரு மாதமும் முதல் தேதி என் வீட்டுக்காரர் விருதுநகரில் இத்தனை மருந்துக்கடை இருக்கும்போது பஸ் ஏறி சாத்தூருக்குப் போய் என் மாத்திரையை வாங்கி வருவார். கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி இந்த டப்பாவுக்குள் போடுவார். டிக், டிக் என்று விழும். காலி அட்டைகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த தடவை சாத்தூர் போகும்போது அங்கே குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவார். எங்கள் தெருக் குப்பையில் அந்த அட்டை கிடந்துவிடக் கூடாது. இந்த டப்பா எப்படிக் கிடைத்தது என்று நினைத்தால் இப்போதுகூடச் சிரிப்பு வருகிறது. மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்குள் அப்படி ஒரு பண்டமாற்று நடக்கும். எல்லாரும் தலைவலிக்குத்தான் வந்திருப்போம். பெஞ்சில் வரிசையாக இருபது பேர், இருபது பேருக்கும் தலைவலி. பர்தா போட்ட ஜெமிலா தன் மாத்திரையைக் கால்சியம் டப்பாவில் வைத்திருந்தாள். மாமியார் வீட்டில் அவள் கண் ஆஸ்பத்திரிக்கு வருவதாகப் பேச்சு. ஸ்டெல்லா டீச்சர் வைட்டமின் டப்பா, அவருடைய சர்ச்சில் அவர் மாதாமாதம் மதுரையில் ஜெபக்கூட்டத்துக்குப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஒன்றும் இல்லாததைப் பார்த்து ஜெமிலாதான் தன் அக்காவின் காலி தைராய்டு டப்பாவை அடுத்த மாதம் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். “இது வச்சுக்கங்க அக்கா, இது இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உடம்பு போட்டாலும் தைராய்டு, முடி கொட்டினாலும் தைராய்டு, படுத்துக் கெடந்தாலும் தைராய்டு.” உண்மைதான், யாரும் கேட்கவில்லை. வேறொருத்தர் வந்து எனக்கு ஒன்று கொடு என்று கேட்பார்கள் என்பதை ஜெமிலாவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பாலில் இன்னும் ஆவிகூட வரவில்லை. ஹாலில் மரகதம் பஞ்சாங்கக் காலண்டரைப் புரட்டுகிற சத்தம். அந்த நாற்காலியில்தான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மாசம் ஒன்பது ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். தூக்கம் வராமல் இருந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதைத்தான் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. உலகத்தில் எல்லாரையும் எனக்குப் பிடித்திருந்தது. பத்தாம் நாள் காலையில் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பாத்திரக் கடையில் அறுபது எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். அறுபதிலும் ‘அன்புடன் சொர்ணம்’ என்று பெயர் வெட்டச் சொல்லி, வெட்டுகிறவர் பக்கத்திலேயே நின்று, அவருக்கும் ஒன்று கொடுத்துவிட்டு, மீதியைக் கோணியில் கட்டிக்கொண்டு வந்து தெருவில் வீடு வீடாகக் கொடுத்தேன். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தர்கூட என்ன விசேஷம் என்று கேட்கவில்லை, வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டு பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அதற்கப்புறம் நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. ஆட்டோவில் அவர் என் கையைப் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரி. பிறகு வீட்டுக்கு வந்து, சீப்பைத் தூக்கித் தலைவார முடியாமல் மூன்று மாசம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. பதினாலு வயசு ஹேமா எனக்குத் தலைவாரிவிட்டது. ஒருநாள் பின்னலைப் போட்டுக்கொண்டே “எனக்கும் இது வருமாம்மா” என்று கேட்டது. கேட்டுவிட்டு நான் பதில் சொல்வதற்குள் ரிப்பன் எடுக்கப் போய்விட்டாள். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

டம்ளர்கள் மட்டும் தெருவில் அப்படியே இருக்கின்றன. எவர்சில்வர் எங்கே போகும். நேற்று மரகதத்தை அழைத்துக்கொண்டு எதிர்வீட்டு ராஜாமணியைப் பார்க்கப் போனபோது அவள் அந்த டம்ளரிலேயே காபி கொண்டுவந்தாள். மரகதம் குடித்துவிட்டுத் திருப்பிப் பார்த்து “இதுல உங்க பேருல்லா போட்டிருக்கு மதினி” என்றாள். ராஜாமணி என் முகத்தைப் பார்த்தாள், ஒரு நிமிஷம் பார்த்தாள். “அது ஏதோ ஹேமா விசேஷத்துக்குக் குடுத்தது” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நல்லவள்தான். ஆனால் இரண்டு வருஷம் முன்னால் சிவகாசியிலிருந்து ஒரு வரன் வந்து, ஜாதகம் பொருந்தி, பூ வைக்க நாள் குறித்த பிறகு, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்களே, அவர்களிடம் யார் சொன்னார்கள்? ராஜாமணியாக இருக்காது. இருக்கலாம். அம்பத்தொன்பது வீட்டில் யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஹேமா அன்றைக்கு வழக்கம்போல இரண்டு தோசை சாப்பிட்டாள், பாத்திரத்தைக் கழுவி வைத்தாள். ‘உன்னால்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். இப்போதெல்லாம் மரகதத்தின் மகன் கதிரேசனோடு போனில் பேசும்போது அவள் சிரிக்கிற சிரிப்பு சாத்தின கதவையும் தாண்டிக் கேட்கிறது. இருபது நாள்தான். இருபது நாள் அந்த டப்பா வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும் என்றுதானே நினைத்தேன்.

கொடுமை என்னவென்றால் மரகதத்தை எனக்குப் பிடிக்கும். அவளுக்கும் என்னைப் பிடிக்கும், அதுவும் தைராய்டால்தான். நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் என் இலையைப் பார்த்துவிட்டு, “முட்டைக்கோஸ் தொடலியே, உங்களுக்கும் தைராய்டா மதினி” என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து நாங்கள் தோழிகள். தைராய்டுக்காரர்களுக்கு முட்டைக்கோஸ் ஆகாது என்று யாரோ சொல்லி, பார்க்கிறவர்கள் சந்தேகப்படக் கூடாதே என்று பதினோரு வருஷமாக எந்தப் பந்தியிலும் நான் அதைத் தொடுவதில்லை. எனக்கு அது உயிர். தேங்காய் போட்டுக் கொஞ்சம் பாசிப்பருப்பும் போட்டு வைத்த கோஸ் பொரியலைப் பக்கத்து இலைக்காரர்கள் சாப்பிடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் ரசத்துக்குப் போய்விடுவேன். இந்த ஐந்து மாசத்தில் மரகதம் தினம் போன் பண்ணி, கால் வீங்குதா மதினி, குளிர் தாங்குதா, எனக்கு இந்தத் தடவை ஏத்திட்டாங்க, உங்களுக்கு எத்தன என்று கேட்பாள். நானும் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்வேன். போன வாரம் சமையல்காரரிடம் கல்யாணச் சாப்பாட்டுப் பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேட்டவள், “பொரியல்ல முட்டைக்கோஸ அடிச்சிடுங்க, சம்பந்தி ரெண்டு பேருக்கும் ஆகாது” என்று சொல்லிவிட்டாள். எனக்காக. இல்லாத வியாதிக்காக ஒருத்தி என்மேல் இவ்வளவு அக்கறை காட்டுகிறாள், இருக்கிற வியாதியைச் சொன்னால் எழுந்து பெட்டியைக் கட்டிவிடுவாளோ என்று பயந்துகொண்டு நான் பாலைக் கலக்கிக்கொண்டிருக்கிறேன். பாலை எதற்குக் கலக்குகிறேன்.

யோசி. யோசி சொர்ணம். தீர்ந்துபோச்சு என்று சொல்லலாம். நேற்று அவளே ஃபிரிட்ஜில் தண்ணீர் எடுக்கும்போது மேலே இருந்த டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்து “நெறைய வச்சிருக்கீங்க” என்றாளே. ஒரு நாள் போடாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று சொல்லலாம். ஒரு நாள்கூட விடக் கூடாது என்று அவளுடைய டாக்டர் சொன்னதை எனக்குப் போனில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், நானும் ‘ஆமா மதினி, விடவே கூடாது’ என்று அழுத்திச் சொல்லியிருக்கிறேனே. கடைக்கு ஆள் அனுப்பலாம், மணி ஆறு, எந்தக் கடை திறந்திருக்கும், ‘இத்தன இருக்கும்போது கடை எதுக்கு’ என்று கேட்பாள். டப்பா கைதவறிச் சாக்கடையில் விழுந்துவிட்டால்? வீட்டுக்குள் எங்கே சாக்கடை. சத்து மாத்திரை ஒன்றை எடுத்துக் கொடுக்கலாமா, அது சிவப்பு. இதையே கொடுத்தால்? இது பெரிசு, அவளுடையது மிளகளவுதான் இருக்கும், கம்பெனி வேறு என்று சொல்லிவிடலாம். சீ. என்ன நினைப்பு இது. ரத்தத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று மூன்று மாசத்துக்கு ஒருதரம் ஊசி குத்திப் பார்க்கிற மாத்திரை, முதல் மாசம் எனக்குக் கை நடுங்கிக் காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அவளுக்குப் பிரஷர் வேறு இருக்கிறது. நேற்று ராத்திரி நானே போடவில்லை. அவள் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள், டப்பாவைத் திறந்தால் சத்தம் கேட்கும், ராத்திரியில் எதற்குத் தைராய்டு மாத்திரை என்று கேட்பாள். ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன். அதுதான் இப்படிச் சுற்றிச் சுற்றி ஓடுகிறதோ மனசு. இல்லை, இது வெறும் பயம். எனக்குப் பயத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியும். தெரியுமா? எனக்கு ஒரு கோபம் வந்தாலும், இரண்டு வார்த்தை கூடப் பேசினாலும், இது நானா அதுவா என்று நானே என்னைச் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. பால் ஓரத்தில் ஆடை கட்டத் தொடங்கிவிட்டது.

பின்வாசல் வழியாக அவர் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே நின்றுவிட்டார். பதினோரு வருஷமாக என் முகத்தைப் படிப்பதுதான் அவருக்கு வேலை, தூங்கினாளா, சாப்பிட்டாளா, சிரிப்பு அதிகமாக இருக்கிறதா. நான் கண்ணால் ஃபிரிட்ஜைக் காட்டினேன், ஹாலைக் காட்டினேன். “மதினி, மாத்திர எடுத்தாச்சா?” என்று மரகதத்தின் குரல் வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார். “ஒண்ணுதான? குடுத்துரு” என்று வாயசைத்தார். சத்தமே இல்லை. “ஒண்ணும் ஆகாது.” நான் அவரையே பார்த்தேன். எறும்புப் புற்றை மிதிக்காமல் சுற்றிப் போகிற மனுஷன். ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் என் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்தவர், சாப்பிட மாட்டேன் என்று நான் தட்டைத் தட்டிவிட்டபோது சிதறின சோற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு வேறு தட்டு வாங்கி வந்தவர். பால்வண்ணன் என்று பெயர் வைத்தது அவருக்குப் பொருத்தம் என்று என் அம்மா சொல்வாள். அந்த மனுஷன், நம் வீட்டுக்கு வந்து நம்மை நம்பிக் கையை நீட்டுகிற ஒருத்திக்கு இந்த மாத்திரையைக் கொடு என்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. எனக்காக, ஹேமாவுக்காக எத்தனை தூரம் வந்துவிட்டார் பாவம். பொய் சொல்லிச் சொல்லி நாங்கள் ரெண்டு பேரும் எங்கே வந்து நிற்கிறோம். நான் மாட்டேன் என்று தலையசைத்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஈரத் துண்டு தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. “ஹேமா” என்று மட்டும் சொன்னார்.

ஹேமா. உள்ளறையில் தூங்குகிறாள். முதல் கேள்வி அதுதானே கேட்பார்கள், பொண்ணுக்கும் வருமா என்று. நான் டப்பாவை எடுத்தேன். கையில் பிடித்ததும் உள்ளே சலசலத்தது. ஹாலுக்கு எட்டு அடி இருக்கும். அந்த டம்ளர்களோடு வீடு வீடாகப் போனபோது எனக்குக் கொஞ்சம்கூட வெட்கம் இல்லை, இந்த எட்டு அடியை எண்ணி எண்ணி நடந்தேன். ஒருவேளை எழுந்து போய்விடுவாள். போனால் ஹேமாவின் முகத்தை நான்தான் பார்க்க வேண்டும், தோசை சாப்பிட்டுப் பாத்திரம் கழுவுகிற முகத்தை. மரகதம் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள், டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள். கைரேகையெல்லாம் தெரிந்தது. அந்தக் கையில் என்னால் போட முடியவில்லை.

“மதினி, இது தைராய்டு மாத்திரை இல்ல.”

“பின்ன?”

“எனக்குத் தைராய்டே கெடையாது. பதினோரு வருசத்துக்கு முன்னாடி எனக்கு மனசுக்கு முடியாமப் போச்சு. ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க. அதுக்கு உள்ள மாத்திரை இது. தெனம் போடுறேன். போட்டா நல்லா இருக்கேன். அந்த டம்ளர் பாத்தீங்கல்ல, அது விசேஷத்துக்குக் குடுத்தது இல்ல. அப்பக் குடுத்தது.”

நீட்டின கையை அவள் மடக்கவில்லை. கை அப்படியே இருந்தது. என்னிடமிருந்து டப்பாவை வாங்கி, மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். மூடினாள். பின்னால் அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஹேமாவுக்கு?” என்றாள்.

“அவளுக்கு ஒண்ணும் இல்ல. கட்டாயம் வரணும்னு இல்லைன்னுதான் டாக்டர் சொன்னாங்க. வரவே வராதுன்னு சத்தியம் பண்ண எனக்குத் தெரியாது மதினி.”

அதற்குள் பால் பொங்கி அடுப்பில் வழிந்து சீறியது. நானும் நகரவில்லை, அவரும் நகரவில்லை. மரகதம்தான் எழுந்து, எங்கள் இருவரையும் தாண்டிப் போய் அடுப்பை அணைத்தாள். துணியை எடுத்துப் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். ரொம்ப நேரம் அந்தப் பக்கமே திரும்பி நின்றாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இப்போது பெட்டியை எடுப்பாள், இப்போது எடுப்பாள்.

“நேத்து ராத்திரி போட்டீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

“நீங்க பக்கத்துல படுத்திருந்தீங்க. டப்பாவத் திறந்தா சத்தம் கேக்கும்னு...”

அவள் சட்டென்று திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. “சத்தத்துக்காவா மாத்திரையப் போடாம இருந்தீங்க? நான் என்ன போலீஸா? அஞ்சு மாசமா கால் வீங்குதா, கை வீங்குதான்னு கேட்டுக் கேட்டு, எங்கிட்ட என்னத்தயெல்லாம் சொன்னீங்க மதினி! எனக்கு எவ்வளவு கோவம் வருது தெரியுமா?” மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “எங்க சின்ன அண்ணனுக்கு இப்பிடித்தான் இருந்துச்சு. பூசாரிகிட்டக் கூட்டிட்டுப் போனாங்க, சங்கிலில கட்டிப் போட்டாங்க. மாத்திரை ஒண்ணு வாங்கிக் குடுக்க ஆளு இல்ல. அவன் செத்தப்ப ஊருல மஞ்சக்காமாலைன்னு சொல்லிட்டோம். நானும் அப்பிடித்தான் சொல்லுதேன், இன்னைக்கு வரைக்கும்.”

உள்ளறையில் ஹேமா புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது.

“கதிரேசன்கிட்ட ஹேமாவே சொல்லட்டும். நாம சொல்ல வேண்டாம், அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிடட்டும்” என்று மரகதம் சொன்னாள். “எனக்கு ஒரு நா மாத்திரை போடலைன்னா உசுரா போயிரும். காபியப் போடுங்க.” டப்பாவை ஃபிரிட்ஜுக்கு மேலே வைக்கப் போனவள் கையை நிறுத்தினாள். “மதினி. அப்ப முட்டைக்கோஸ்?”

“என்ன?”

“சாப்பிடலாமா, கூடாதா?”

“சாப்பிடலாம்” என்றேன். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை, மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “எனக்கு ரொம்பப் பிடிக்கும்.”

மரகதம் என் தோளில் ஒரு அடி போட்டாள், நிஜமாகவே வலித்தது. “அண்ணே, அங்கயே நிக்காதீங்க. சமையக்காரருக்கு ஒரு போனப் போடுங்க.”

“மணி ஆறுதாம்மா ஆகுது” என்றார் அவர்.

“எந்திரிச்சிருப்பாரு. போடுங்க.”

அவர் கீழே கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடி இல்லாமல் எண்ணைத் தேடித் தேடி அழுத்தினார். அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள் போல. என்னைப் பார்த்தார், மரகதத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஆமா, முட்டைக்கோஸ்தான், மறுபடி சேத்துக்கங்க” என்றார். சமையல்காரர் என்னவோ கேட்டிருக்க வேண்டும். “இல்ல இல்ல, ஆகாதுன்னு சொன்னது தப்பு. பொண்ணோட அம்மாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.”